இரும்புக்கை மாயாவியை எழுதியவர் யார்?

திருக்குறளை எழுதியவர் யார் என்று கேட்டால் முதலாம் ஆண்டு மாணவன்கூடக் கையை உயர்த்துவான். 'பொன்னியின் செல்வ'னை எழுதியவர் யார் என்று கேட்டால் நம் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் 'இரும்புக்கை மாயாவி'யை எழுதியவர் யார்? அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்த நம் அப்பாக்களும் மாமாக்களும் இதற்கு விடை சொல்ல முடியாமல் தலையைச் சொறிவார்கள். வந்தியத்தேவனுக்கு ஒரு கல்கி உண்டு. மாயாவிக்கு மட்டும் ஆள் இல்லையா?

உண்டு. ஒருவர் அல்லர், இருவர். அவர்களைப் பற்றியும், அவர்களைப் போல் சூப்பர் ஹீரோக்களுக்கு உயிர் கொடுத்த வேறு சில எழுத்தாளர்களைப் பற்றியும், அவர்கள் எழுதியவற்றுள் சிறந்தவை எவை என்பது பற்றியும் எனக்குத் தெரிந்ததை உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் கோலசிலாங்கூர், பாசிர் பெனம்பாங்கைச் சேர்ந்தவன். சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள மீனவர் கிராமம் அது. சுற்றுப்பயணிகள் கடலுணவுக்காக வருவார்கள். என் உறவினர்கள் பலர் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது பெரியப்பா மறக்காமல் எடுத்து வந்தவை இரண்டு: சாமிப் படங்கள், ஒரு பிஸ்கட் டின் நிறைய முத்து காமிக்ஸ். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்பது என் கல்விப் பயணம். இடைநிலைப்பள்ளியில் தமிழ் வாரத்திற்குச் சில பாடவேளைகளாகச் சுருங்கிவிட்டது. அந்த ஐந்தாண்டுகளில் என் தமிழ் வாசிப்பு துருப்பிடிக்காமல் இருந்ததற்குப் பாடநூலுக்கு அடுத்து அந்த பிஸ்கட் டின்னே காரணம்.

ஒருமுறை பெரியப்பாவிடம், "பெரியப்பா, இத யாரு எழுதுனது?" என்று கேட்டேன். "முத்து காமிக்ஸ்தான்டா, வேற யாரு?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. புத்தகத்தில் வேறு பெயரே இல்லை. அந்தப் பெயரைத் தேடப் புறப்பட்டதுதான் என்னை இவ்வளவு தூரம் கொண்டு வந்தது.

முதலில் ஒரு விளக்கம்

நாவல் என்றால் ஓர் எழுத்தாளர், ஒரு கதை. காமிக்ஸ் அப்படி இல்லை. நாயகன் பதிப்பகத்தின் சொத்து. எழுத்தாளர்கள் வருவார்கள், போவார்கள். நாயகன் மட்டும் வயதாகாமல் இருப்பான். ஓர் எழுத்தாளர் ஒரு நாயகனின் கதையைத் தொடர்ந்து எழுதும் காலத்தை ஆங்கில வாசகர்கள் 'ரன்' என்பார்கள். கிரிக்கெட்டில் அடிக்கும் ரன் அல்ல! இக்கட்டுரையில் அதைத் 'தொடர்காலம்' என்று குறிப்பிடுகிறேன். கோயில் ஒன்றுதான், குருக்கள் மாறுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். சாமி அதே சாமிதான். ஆனால் அலங்காரம் மாறும்போது முகமே மாறியது போல் தோன்றும் அல்லவா? அந்த மாற்றத்தைக் கவனிப்பதுதான் காமிக்ஸ் வாசகனின் சுவை.

மாயாவியின் இரு தந்தையர்

1972-ஆம் ஆண்டு ஜனவரியில் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. வெளியிட்டவர் சௌந்தரபாண்டியன். அச்சகங்களின் ஊரான சிவகாசியிலிருந்து கப்பலேறி நம் ஊர்த் தோட்டங்கள் வரை வந்த அந்தக் கதையின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1962-இல் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற வார இதழில் அது வெளிவந்தது. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டின் ஹெசூஸ் பிளாஸ்கோ. தொடங்கி வைத்த எழுத்தாளர் கென் புல்மர். பின்னர்த் தொடர்ந்து எழுதியவர் டாம் டல்லி.

புல்மர் ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளர். பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக் கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இங்கே புல்மர் செய்த வேலையைக் கவனியுங்கள். சக்தி கிடைத்தவுடன் கிராண்டேல் ஊருக்கு உழைக்கப் புறப்படவில்லை. கொள்ளையடிக்கப் புறப்படுகிறான்! யாரும் பார்க்காதபோது மனிதன் எப்படி நடந்து கொள்வான் என்ற பழைய கேள்வியைத்தான் புல்மர் சிறுவர் இதழில் வைத்தார்.

டாம் டல்லியின் தொடர்காலத்தில் கிராண்டேல் 'நிழல்படை' என்ற இரகசிய அமைப்பின் உளவாளியாகிறான். நம்மில் பெரும்பாலோர் அறிந்த மாயாவி இவனே. டல்லியின் பலம் வேகம். வார இதழில் வாரத்திற்கு இரண்டு மூன்று பக்கங்கள்தாம் கிடைக்கும். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் நாயகன் ஏதாவதோர் ஆபத்தில் தொங்க வேண்டும். முழுப் புத்தகமாகத் தமிழில் படிக்கும்போது இரண்டு மூன்று பக்கத்திற்கு ஒருமுறை மூச்சு முட்டுவது இதனால்தான். கால்பந்து இரசிகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: புகழ்பெற்ற 'ராய் ஆஃப் த ரோவர்ஸ்' கால்பந்துக் கதையையும் பல ஆண்டுகள் எழுதியவர் இதே டல்லிதான்.

இங்கிலாந்திலும் அந்நாளில் இவர்கள் பெயர் அச்சாகவில்லை. எழுத்தாளர், ஓவியர் பெயர்களை இதழில் போடும் வழக்கம் அங்கு இல்லை. 1977-இல் தொடங்கிய '2000 ஏடி' இதழ்தான் அந்த வழக்கத்தை மாற்றியது. ஆகவே, நம் பெரியப்பாக்களுக்குப் பெயர் தெரியாததில் வியப்பில்லை. இலண்டன் சிறுவனுக்கும் தெரியாது!

ஸ்பைடருக்குள் ஒளிந்திருந்த சூப்பர்மேன்

1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதில் தமிழ் வாசகர்களைக் கட்டிப் போட்டவன் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேனோடு இவனைக் குழப்பிக் கொள்ள வேண்டாம். கூரிய காது, கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி, ஹெலிகார் என்ற பறக்கும் ஊர்தி, ஆர்டினி, பெல்ஹாம் என்ற இரு கூட்டாளிகள் – இவை இவனது அடையாளங்கள். குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆவதே இவனது இலட்சியம்.

1965-இல் இங்கிலாந்தின் 'லயன்' வார இதழில் ஸ்பைடரைத் தொடங்கியவர் டெட் கோவன். 'சட்டித் தலையன்' என்று நாம் செல்லமாக அழைக்கும் இரும்பு மனிதன் ஆர்ச்சியை எழுதியவரும் இவரே. ஆனால் விரைவில் ஸ்பைடர் வேறொருவர் கைக்கு மாறினான். அவர் பெயர் ஜெர்ரி சீகல். ஆம், ஓவியர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்!

சூப்பர்மேனைப் படைத்தவர் ஏன் இங்கிலாந்தின் சிறுவர் இதழுக்குப் பெயரில்லாமல் எழுத வேண்டும்? 1938-இல் சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இருவருக்கும் சேர்த்துத்தான் 130! சூப்பர்மேன் கோடிகளைக் குவித்தான். உரிமை கேட்டு 1947-இல் வழக்குத் தொடுத்தார்கள். வேலை போனது, பெயரும் போனது. 1959-இல் சீகல் அதே பதிப்பகத்திற்குத் திரும்பி, தாம் படைத்த சூப்பர்மேனையே பெயரில்லாத ஊழியராக எழுதினார். 1961-இல் வெளிவந்த 'சூப்பர்மேனின் மரணம்' அக்காலத்தில் அவர் எழுதியது. தாம் பெற்ற பிள்ளையின் சாவைத் தாமே எழுதிய கதை அது. அவரது மிகச் சிறந்த சூப்பர்மேன் கதையாக நான் கருதுவது இதையே. அறுபதுகளின் நடுவில் உரிமைப் போராட்டம் மீண்டும் எழுந்தபோது அந்த வேலையும் நின்றது. அக்காலத்தில்தான் ஸ்பைடர் அவரிடம் வந்தான்.

சீகலின் தொடர்காலத்தில் ஸ்பைடர் தன்னைவிடப் பெரிய கொடியவர்களோடு மோத ஆரம்பித்து, படிப்படியாகக் குற்றவாளிகளை எதிர்க்கும் நாயகனாகிறான். ஆனால் தற்பெருமை மட்டும் குறைவதே இல்லை. நல்லது செய்யும்போதும் "என் மூளைக்கு நிகர் யார்?" என்ற தோரணைதான். எனக்குப் பிடித்த சூப்பர் ஹீரோ தொடர்காலங்களில் இதற்கே முதலிடம். யாருக்கும் தலைவணங்காத, எல்லாருக்கும் தன் பெயரை முழங்கிச் சொல்லும் ஒரு நாயகனைப் பெயர் பறிக்கப்பட்ட ஒருவர் எழுதினார் என்று தெரிந்த பிறகு, அந்தத் தற்பெருமை வசனங்களை என்னால் பழையபடி சிரித்துக்கொண்டே படிக்க முடிவதில்லை.

1975-இல் சீகல் தம் நிலையைப் பகிரங்கப்படுத்தினார். செய்தி பரவியது, ஓவியர்களும் எழுத்தாளர்களும் துணை நின்றார்கள். அவருக்கும் ஷஸ்டருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை கிடைத்தது. அதோடு, சூப்பர்மேன் கதைகளில் படைத்தவர்கள் என்று அவர்களின் பெயர் மீண்டும் ஏறியது. சீகல் 1996-இல் காலமானார்.

அறுபது ஆண்டு காட்டில் இருந்தவர்

லீ பால்க் என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். வேதாளர் என்றால் தெரியும். ராணி காமிக்ஸ் படித்தவர்கள் இவரை 'மாயாவி' என்பார்கள். ஆகவே தமிழில் இரண்டு மாயாவிகள்! எங்கள் வீட்டில் இரும்புக்கை மாயாவியா, முகமூடி மாயாவியா என்று விளக்கிய பிறகே பேச்சு தொடரும்.

லீ பால்க் 1934-இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் 1936-இல் வேதாளரையும் படைத்தார். உடலோடு ஒட்டிய உடை, முகமூடி எல்லாம் சூப்பர்மேனுக்கு இரண்டு ஆண்டு முன்னரே வந்துவிட்டன. 1999-இல் தாம் இறக்கும் வரை, அதாவது 60 ஆண்டுகளுக்கும் மேல், இரண்டு தொடர்களையும் எழுதினார். இதைவிட நீண்ட தொடர்காலத்தைக் காண்பது அரிது.

வேதாளருக்கு எந்த அபூர்வ சக்தியும் இல்லை. 1536-இல் தொடங்கி, தந்தைக்குப் பின் மகன் என்று 21 தலைமுறைகளாக அதே முகமூடியை அணிந்து வருகிறார்கள். காட்டு மக்கள் இதை அறியாமல் ஒரே மனிதன் சாகாமல் வாழ்வதாக நம்புகிறார்கள். பால்க்கின் திறமை இதில்தான் உள்ளது. மண்டையோட்டுக் குகையில் முன்னோர்கள் எழுதிய நாளேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒன்றை எடுத்துப் பிரித்தால் போதும், இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதையொன்று தொடங்கிவிடும்.

பெரியப்பாவுக்கு வேதாளர்தான் உயிர். தாத்தா மரம் வெட்டினார், அப்பா மரம் வெட்டினார், பின்னர்ப் பெரியப்பாவும் அதே தோட்டத்தில் அதே வேலைக்குப் போனார். ஒரே வேலை கைமாறிக் கொண்டே வரும் கதை ஏன் அவருக்குப் பிடித்தது என்று நான் விளக்கத் தேவையில்லை. ஒரு வேறுபாடு உண்டு. வேதாளர் குடும்பத்தில் நாளேடு எழுதினார்கள். நம் தோட்டங்களில் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

வேறுபட்டவர்களின் பள்ளி

தமிழில் படித்து முடித்தபின் ஆங்கிலத்திற்குப் போனேன். அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியவர் கிறிஸ் கிளேர்மாண்ட். 1975 முதல் 1991 வரை எக்ஸ்-மென் கதைகளை எழுதியவர். அவர் ஏற்றபோது அது விற்பனையில் தள்ளாடிய தொடர். அவர் விட்டபோது அமெரிக்காவின் முன்னணித் தொடர். கென்யாவிலிருந்து வந்த ஸ்டார்ம், ஜெர்மானியனான நைட்கிராலர், இரஷ்யனான கொலோசஸ் என்று பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்ந்து வாழ்வதுதான் கதை. இக்கதைமாந்தர்களைப் படைத்தவர்கள் லென் வீனும் டேவ் காக்ரமும். அவர்களுக்கு மனமும் பேச்சும் கொடுத்தவர் கிளேர்மாண்ட்.

அவரது தொடர்காலத்தின் உச்சம் ஓவியர் ஜான் பைர்னுடன் இணைந்த 1977 முதல் 1981 வரையிலான பகுதி. அதில் 1980-இல் வந்த 'டார்க் ஃபீனிக்ஸ்' கதையை முதலில் படியுங்கள். அளவுக்கு மீறிய சக்தி ஒரு நல்ல பெண்ணை என்ன செய்யும் என்பதே கரு. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், முதல் நாளில் எந்த மொழியில் பேசுவது என்று தயங்கி நின்றவர்களுக்கு எக்ஸ்-மென் ஏன் பிடிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சதுப்பு நிலத்துக் கதை

ஆலன் மூர் என்ற ஆங்கிலேயர் 1984 முதல் 1987 வரை 'ஸ்வாம்ப் திங்' என்ற தொடரை எழுதினார். விபத்தில் சிக்கிய அறிவியலாளர் அலெக் ஹாலண்ட் சதுப்பு நிலத்துப் பாசி மனிதனாகிவிட்டார் என்பது அதுவரை இருந்த கதை. மூர் வந்த இரண்டாவது இதழிலேயே அதைத் தலைகீழாக்கினார். ஹாலண்ட் அன்றே இறந்துவிட்டார். தன்னை ஹாலண்ட் என்று நம்பிக் கொண்டிருக்கும் செடிதான் இது! பழைய கதையில் ஒரு வரியைக்கூட அழிக்காமல், எல்லாவற்றுக்கும் புதுப்பொருள் கொடுத்துவிட்டார். தொடர்காலம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. கோலசிலாங்கூர் சதுப்பு நிலக் காட்டையும் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகளையும் பார்த்து வளர்ந்த எனக்கு, காடே ஒரு நாயகனாவது அந்நியமாகத் தெரியவில்லை.

அதே ஸ்வாம்ப் திங் 2021-இல் ராம் வி என்ற எழுத்தாளரிடம் வந்தது. மும்பையில் பிறந்தவர். அவர் எழுதிய 16 இதழ்களில் நாயகன் லீவாய் காமே. இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்று இரண்டு மண்ணுக்கும் நடுவில் நிற்பவன். வேர் எங்கே, கிளை எங்கே என்ற கேள்வியைச் செடியாலான ஒரு நாயகனிடம் கேட்டது பொருத்தமே. அதன்பின் 2022 முதல் 2024 வரை பேட்மேன் வரும் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' தொடரையும் அவர் எழுதினார். அட்டையில் அவர் பெயர் இருந்தது. சீகலின் காலத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

பெயரில் என்ன இருக்கிறது?

நண்பர்களே, கதை நன்றாக இருந்தால் போதாதா, பெயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பெயர் தெரிந்தால்தான் அடுத்த நல்ல கதையைத் தேடிப் போக முடியும் என்பது முதல் பயன். மாயாவி பிடித்திருந்தால் டல்லியின் மற்றக் கதைகளைத் தேடலாம். பெயர் இல்லையேல் உரிமையும் இல்லை என்பது அதைவிட முக்கியமானது. சீகல் இழந்த பெயரை மீட்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நல்ல வேளையாக, பெயர்கள் திரும்பி வருகின்றன. இந்தப் பழைய இங்கிலாந்துக் காமிக்ஸ்களின் உரிமையை 2018-இல் ரெபெல்லியன் நிறுவனம் வாங்கியது. 2021-இல் அது மீண்டும் அச்சிட்ட இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் நூல்களில் புல்மர், டல்லி, பிளாஸ்கோ, கோவன், சீகல், ஓவியர் ரெக் பன் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொன்னார்.

ஆயினும் ஒரு வரிசை இன்னும் விடுபட்டே இருக்கிறது. அந்த ஆங்கில வசனங்களைத் தமிழாக்கி, நம்மைத் தமிழ் படிக்க வைத்த மொழிபெயர்ப்பாளர்கள் யார்? பழைய இதழ்கள் பலவற்றில் அவர்கள் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. இடைநிலைப்பள்ளியில் என் தமிழைக் காத்தவர்கள் உண்மையில் அவர்கள்தாம். அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமானால் யார் பெயரைச் சொல்வேன்?

எனவே எனக்கு ஓர் ஆசை. இந்த மலரில் அடுத்த ஆண்டு ஒரு சித்திரக்கதை வரட்டும். நாயகன் நியூயார்க்கில் பறக்க வேண்டியதில்லை. ஈஜோக்கிலோ தஞ்சோங் காராங்கிலோ மோட்டார் சைக்கிளில் போகட்டும். எழுதியவர், வரைந்தவர், எழுத்துக் கோத்தவர் என்று ஒவ்வொருவர் பெயரும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஐம்பது ஆண்டுகள் கழித்து யாரோ ஒரு பிள்ளை அதை ஒரு டின்னிலிருந்து எடுத்து, "இத யாரு எழுதுனது?" என்று கேட்டால், விடை அந்தப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.